இன்னும் ஒரு பாக்ஸ் மாட்டலாமா?

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். ஆடிச் சுவாதியில் அவருக்குக் குருபூஜை. சித்திரையில் பக்கத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. நடுவில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது, பாரதக் கூத்து, காதுகுத்து, கல்யாணம். உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் மைக்செட் சும்மா கிடக்கும் மாதமே இல்லை. மார்கழியிலும் திருவெம்பாவைக்கு வேலை உண்டு, சட்டம் அதைக் காலை 6 மணிக்கு மேல் வைத்துக்கொள் என்றாலும்.

ஒரு காலத்தில் மைக்செட் என்றால் ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய், ஒரு மைக். இன்று ஆளுயர பேஸ் பாக்ஸ்களும் ஆயிரக்கணக்கான வாட் ஆம்ப்ளிஃபயர்களும் வண்டியில் வந்து இறங்குகின்றன. செட் மாறிவிட்டது, மாட்டும் பழக்கம் மாறவில்லை. பல இடங்களில் ஆம்ப்ளிஃபயர் புகைவதற்கு இதுதான் காரணம்.

பழைய குழாய் செட்டில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வரும். தெருக்கோடி வரை ஒரே ஒயரை இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் குழாய் மாட்டிக்கொண்டே போகலாம். குழாய்களின் வாட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. 100 வாட்டை 4 ஓம் பாக்ஸுக்கு நேராக அனுப்பினால் ஒயரில் 5 ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான். ஒயர் சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஒயரில் இழப்பு 25இல் ஒரு பங்காகக் குறைகிறது.

புதிய பவர் ஆம்ப்ளிஃபயரில் பாக்ஸ் நேராக மாட்டப்படுகிறது. நடுவில் டிரான்ஸ்பார்மர் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது வாட் அல்ல, ஓம். ஒரு சேனலில் 8 ஓம் பாக்ஸ் ஒன்று மாட்டினால் லோடு 8 ஓம். பாக்ஸிலிருந்து பாக்ஸுக்கு ஒயர் போட்டு இரண்டாவதை மாட்டினால் 4 ஓம். நாலு மாட்டினால் 2 ஓம். பாக்ஸ் கூடக்கூட ஓம் குறையும், ஆம்ப்ளிஃபயர் தர வேண்டிய கரண்ட் ஏறும். ஒரே மோட்டாரில் ஊரே தண்ணீர்க் குழாய் திறப்பது மாதிரி. பின்பக்கத்தில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு சேனலுக்கு இரண்டு 8 ஓம் பாக்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விழாக்குழுத் தலைவர் வந்து “அந்த மூலைக்கும் ஒண்ணு போடுப்பா” என்பார். சேனலில் இடம் இல்லையென்றால் இன்னொரு ஆம்ப்ளிஃபயர்தான் பதில்.

பாக்ஸின் ஓம் தெரியவில்லை என்றால், ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் ஏறக்குறைய 6 ஓம் காட்டும், 4 ஓம் பாக்ஸ் 3 ஓமை ஒட்டிக் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒயரில் எங்கோ ஷார்ட். அதோடு ஆன் செய்யாதீர்கள்.

பிரிட்ஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே பாக்ஸைத் தள்ளும். அப்போது ஒவ்வொரு சேனலுக்கும் அந்த பாக்ஸின் ஓமில் பாதிதான் தெரியும். பிரிட்ஜில் 4 ஓம் பாக்ஸ் போட்டால் சேனலுக்கு 2 ஓம் போட்ட கதை. பெரிய ஆம்ப்ளிஃபயரில் பிரிட்ஜ் முனைகளுக்கு இடையே 100 வோல்ட்டுக்கு மேல் வரும். பாட்டு ஓடும்போது வெறும் கையால் தொட்டால் கரண்ட் அடிக்கும். அந்த இரண்டு ஒயரில் எதையும் எர்த்தோடு சேர்க்கவும் கூடாது.

ஸ்பீக்கர் ஒயரில்தான் நம்மவர்கள் காசு மிச்சம் பிடிப்பார்கள். 30 மீட்டர் தள்ளி நிற்கும் 4 ஓம் லோடுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், கிளம்பும் பவரில் ஐந்தில் ஒரு பங்கு ஒயரிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதைவிட நல்லது, ஆம்ப்ளிஃபயரை பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டு மிக்சரிலிருந்து சிக்னல் ஒயரை நீளமாக இழுப்பது.

இதுவரை சொன்னதில் தப்பு செய்தால் மெஷின் போகும். மெயின் பக்கம் தப்பு செய்தால் ஆள் போவார்.

உம்மென்று இரைச்சல் கேட்டால் பிளக்கின் மூன்றாவது பின்னைப் பிடுங்குவது இங்கே பரம்பரை வைத்தியம். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பின் எர்த். அது இல்லாத ஆம்ப்ளிஃபயரில் உள்ளே ஓர் ஒயர் உரசினாலும் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறும். சிக்னல் ஒயரின் வலை வழியாக அது மிக்சருக்கும், மிக்சரிலிருந்து மைக்கின் உலோக உடம்புக்கும் போகும். ஆடி மழையில் நனைந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் ஓதுவாரின் கையில் அந்த மைக் இருக்கும். இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே இடத்து மின்சாரத்தில் மாட்டுங்கள். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் ஒயர் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சிக்னல் பாதையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வையுங்கள். மெயின் எர்த்தில் கை வைக்காதீர்கள். மேடைக்குப் போகும் லைனில், கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வேண்டும். ஜெனரேட்டர் என்றால் அதற்கும் எர்த் கம்பி அடித்து, நியூட்ரலை அதோடு சேர்த்திருக்கிறார்களா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் ஆர்சிசிபி பேருக்குத்தான்.

அடுத்தது நியூட்ரல். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் ஒயர் லூசானால், லோடு குறைவான ஃபேஸில் வோல்ட் 300, 350 என்று ஏறும். சீரியல் லைட் போர்டு வேறொரு ஃபேஸில் எரிந்துகொண்டிருக்க, அடுத்த பாட்டுக்காகச் சும்மா இருந்த ஆம்ப்ளிஃபயர் ‘டப்’ என்று போகும். தற்காலிக போர்டுகளில் இது நடக்கக்கூடியதே. பிளக்கைச் சொருகுமுன் மீட்டரை வைத்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டோடு நிற்கிறதா என்று பாருங்கள். லைட்டுகளை எல்லாம் போட்டபின் இன்னொரு முறை பாருங்கள்.

கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது குற்றம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கலாம். பாக்ஸையோ குழாயையோ தூக்கிக் கட்டுமுன் தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று அப்பர் சதயவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள்.

இனி ஓட்டும் முறை. ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் மிக்சர் எழுப்பும் ‘டம்’ ஒன்று பாக்ஸை அடிக்கும். ஆம்ப்ளிஃபயர் திணறுவதைக் காட்டும் கிளிப் லைட் எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை. விடாமல் எரிந்தால் சத்தத்தைக் குறையுங்கள். அந்த நேரத்தில் முதலில் கருகுவது மேல்சுருதியைத் தரும் யூனிட். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் உள்ள திருகைப் பாதியில் வைத்தால் பவரும் பாதியோடு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. மிக்சரை ஏற்றினால் அது முழு பவரையும் தரும். தூறல் விழுந்தால் மேலே கூரை போடுங்கள், தார்ப்பாயால் சுற்றி மூடாதீர்கள், விசிறிக்குக் காற்று வேண்டும்.

வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் பாக்ஸைத் தலைமட்டத்துக்கு மேலே உயர்த்துவதே பலன் தரும்.

சத்தத்துக்கும் அளவு உண்டு. ஒலி மாசு விதிகள், 2000இன்படி பொது இடத்தின் எல்லையில் அங்குள்ள வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் தடை. மாநில அரசு விழாக்களுக்காகத் தளர்த்தினாலும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை, அதுவும் நள்ளிரவு 12 வரைதான். விழா நோட்டீஸ் அடிக்கும்போதே மைக் நிற்கும் நேரத்தையும் அதில் போட்டுவிடுங்கள். ராத்திரியில் மைக்செட்காரரோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.