பெட்டி இழுக்கும் கப்: டீசலா, பெற்றோலா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, கிளிநொச்சியில் எங்கள் கராஜுக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "இதை இன்னும் எத்தனை வருசம் ஓட்டலாம் அண்ணை?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "பெட்டி கொழுவி இழுக்க ஒரு கப் வாங்கப் போறன், டீசல் எடுக்கவோ பெற்றோல் எடுக்கவோ?" என்கிறார்கள். புதிய வாகனத்தின் விலை வரியோடு சேர்ந்து எட்டாத உயரத்தில் இருப்பதால், கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது பழைய கப் வாகனத்தில்தான். கையில் இருப்பது காணி விற்ற காசு, வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய காசு, இல்லாவிட்டால் லீசிங். தெரிவு பிழைத்தால் வாகனத்தோடு தொழிலும் நின்றுவிடும். லீசிங் கட்டுப்பணம் மட்டும் நிற்காது.

எங்கள் பக்கத்தில் டீசல் மீது ஒரு பற்று இருக்கிறது. அதற்குக் காரணம் பொருளாதாரத் தடைக்காலம். 1990களில் எரிபொருள் வன்னிக்குள் வருவதே அரிது. வந்தாலும் ஒரு போத்தல் பெற்றோலின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெற்றோல் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அழுத்தம் தாங்காது, முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். அதைக் குறைக்க ஹெட் கஸ்கற் இரண்டு வைத்து இறுக்கினோம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் மாற்ற ஒயிலும் கிடையாது.

டீசல்காரர்களின் பாடு அதைவிடப் பரவாயில்லை. மண்ணெண்ணெயோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வடித்தெடுத்த பழைய ஒயிலோ கலந்தால் எஞ்சின் வேலை செய்தது. பிளக் இல்லை, கொயில் இல்லை, பற்றரி செத்தால் தள்ளி ஸ்ரார்ட் பண்ணலாம். இடப்பெயர்வுகளின்போது சனத்தையும் சாமானையும் இழுத்துக்கொண்டு போனவை பெரும்பாலும் டீசல் உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும்தான். "டீசல் கைவிடாது" என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது.

அந்த நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் அது அந்தக் கால டீசல் எஞ்சினைப் பற்றியது. அன்று நாங்கள் ஓட்டியவற்றில் டீசலைத் தள்ளியது முழுக்க முழுக்க இரும்பால் ஆன ஒரு பம்ப். இன்று 'கொமன் ரெயில்' என்று சொல்லப்படும் டீசல் எஞ்சினில் எரிபொருள் சாதாரண காற்றழுத்தத்தைவிட ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், தலைமயிர் அளவான துவாரங்களால் பீச்சப்படுகிறது. எவ்வளவு, எப்போது என்பதை ஒரு கணினி தீர்மானிக்கிறது. அதற்குள் மண்ணெண்ணெய் கலந்த டீசலையோ, பரலின் அடியில் தண்ணீர் சேர்ந்த டீசலையோ விட்டால் இன்ஜெக்டர் போய்விடும். 2022 தட்டுப்பாட்டின்போது கேனிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிவிட்டு எங்களிடம் இழுபட்டு வந்த வாகனங்களை நான் மறக்கவில்லை.

இனி இழுவைக்கு வருவோம். பெற்றோல் எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கலந்து, பிளக்கின் பொறியால் எரிகின்றன. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் பதினாறு மடங்குக்கும் மேலாக நெருக்கப்பட்டுக் கொதிக்கிறது. அதற்குள் டீசலைப் பீச்சியவுடன் தானே பற்றுகிறது. ரேபோவும் சேர்ந்தால் குறைந்த சுற்றிலேயே நிறைய முறுக்கு விசை கிடைக்கும். ஒரே ஹைலக்ஸ் உடலில் வந்த இரண்டு எஞ்சின்களைப் பாருங்கள். 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய 240 நியூட்டன் மீற்றர் விசையை நிமிடத்துக்கு 4000 சுற்றுக்குக் கிட்டத்தான் தருகிறது. 3 லீற்றர் ரேபோ டீசல் 343 நியூட்டன் மீற்றரை 1400 சுற்றிலேயே தந்துவிடுகிறது. சுமையோடு நிற்கிற இடத்திலிருந்து அசைக்கும்போதுதான் இந்த வித்தியாசம் காலில் தெரியும். பெற்றோல்காரர் எஞ்சினை அலறவிட்டுக் கிளச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். டீசல்காரர் மெதுவாக விட்டால் போதும்.

வெளிநாட்டு விளக்கங்களில் மலையேற்றம் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். வன்னி தட்டை நிலம். எங்களுக்கு மலை என்பது மணலும் சேறும். முல்லைத்தீவுக் கரையில் படகை ஏற்றிய பெட்டியை மணலிலிருந்து வெளியே எடுப்பதும், மாரியில் வயல் ஒழுங்கையிலிருந்து நெல்லை வீதிக்கு ஏற்றுவதும்தான் சோதனை. அங்கே டீசலா பெற்றோலா என்பதைவிட நான்கு சில்லும் இழுக்கிறதா என்பது முக்கியம். பின்சில்லு மட்டும் இழுக்கும் வாகனத்தில் எவ்வளவு விசை இருந்தாலும் அது குழி தோண்டத்தான் உதவும். மணலுக்குள் போகுமுன் ரயர் காற்றை இருபது இறாத்தல் அளவுக்குக் குறையுங்கள். வீதிக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப அடியுங்கள்.

எரிபொருள் செலவுக் கணக்கு நாங்கள் பழகிய கணக்கு அல்ல. 2021 நடுப்பகுதியில் பெற்றோல் லீற்றர் 157 ரூபா, டீசல் 111 ரூபா. அந்த இடைவெளி ஒன்றே பலரை டீசலுக்கு அனுப்பியது. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470, டீசல் 460. மண்ணெண்ணெயும் அதே ஆண்டு ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிக்கள எஞ்சின் வைத்திருந்த கடற்றொழிலாளர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டீசல் பெரிய அளவில் மலிவு என்ற காலம் அதோடு போனது. இப்போது மிச்சம் வருவது விலையிலல்ல, ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதில்.

என் பெரியம்மாவின் மகள் முள்ளியவளையில் இருக்கிறா. 2009க்குப் பிறகு தனியாகவே பிள்ளைகளை வளர்த்தவ. வீடு கட்டும் இடங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி இழுக்கவும், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றவும் மகனுக்கு ஒரு கப் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றா. காசு ரொறன்ரோவில் இருக்கும் தம்பியுடையது. அவரோ "பெற்றோலே எடுங்கோ, டீசல் திருத்தச் செலவு கூட" என்று நின்றார். (அவர் 'காஸ்' என்று சொன்னது பெற்றோலை, அக்கா சமையல் காஸில் ஓடும் வாகனம் என்று நினைத்துப் பயந்துபோனா.) அவர் சொன்னது அங்கே சரி. கனடாவில் கப் வாகனங்களில் பெரும்பாலானவை பெற்றோல். டீசல் எஞ்சினுக்கு வாங்கும்போதே பெருந்தொகை கூடக் கொடுக்க வேண்டும், குளிரில் டீசல் உறையும்.

நான் மருமகனிடம் மாதம் எத்தனை கிலோமீற்றர், அதில் எத்தனை சுமையோடு என்று கேட்டேன். ஏறக்குறைய ஆயிரம், பாதிக்கு மேல் சுமையோடு என்றான். சுமையோடும் வெறுமையாகவும் சேர்த்து பெற்றோல் கப் லீற்றருக்கு 8 கிலோமீற்றர், டீசல் 11 என்று வைத்தோம். பெற்றோலில் 125 லீற்றர், டீசலில் 91 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் மாதம் பத்தாயிரம் ரூபா அளவில் மிச்சம், வருடத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். அவனுக்கு டீசல் சரி. ஆனால் மாதம் முந்நூறு கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மிச்சம் மூவாயிரம் ரூபாதான். ஓர் இன்ஜெக்டர் பழுதானால் பல மாத மிச்சம் அதோடு போகும். அப்படிப்பட்டவர் பெற்றோல் எடுக்கலாம். வருடத்தில் இரண்டு தடவை அறுவடைக்கு மட்டும் இழுவை தேவை என்றால் வாங்கவே வேண்டாம், லான்ட்மாஸ்டரை வாடகைக்குப் பிடியுங்கள். கராஜ்காரன் இதைச் சொல்லக்கூடாதுதான்.

மருமகனுக்கு எடுத்தது பழைய இரும்புப் பம்ப் வைத்த, ரேபோ இல்லாத, நான்கு சில்லு டீசல் ஹைலக்ஸ். ஓட்டம் மந்தம். ஆனால் முல்லைத்தீவிலேயே திருத்த ஆள் இருக்கிறது.

பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். பெட்டியின் இரும்போடு சேர்த்து அதைவிட முந்நூறு, நானூறு கிலோ கூடும். 70 கிலோ நெல்மூட்டை இருபது ஏற்றினாலும் அதே நிறைதான். ஹைலக்ஸ் போன்ற கப் வாகனங்களுக்கே, பிறேக் இல்லாத பெட்டி என்றால் பொதுவாக 750 கிலோதான் எல்லை. எங்கள் ஊர் வெல்டிங் கடைகளில் செய்யும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறேக் இல்லை. உழவு இயந்திரத்தின் பின்னால் ஆடி ஆடிப் போக அது போதும். அதே பெட்டியை ஏ-9 வீதியில் கப்பின் பின்னால் அறுபதில் இழுத்தால், மாடு குறுக்கே வரும்போது நிறுத்துவது உங்கள் கையில் இருக்காது. எஞ்சின் இழுக்கும் என்பதற்காக வாகனம் நிற்கும் என்று அர்த்தமில்லை. டீசலில் இன்னொன்றும் உண்டு: அதன் காற்றுப் பாதையில் பெற்றோல் எஞ்சினைப் போல மூடி நெரிக்கும் கதவு வேலை செய்வதில்லை, அதனால் காலை எடுத்தவுடன் எஞ்சின் வேகத்தைப் பிடிப்பது குறைவு. பெட்டிக்குப் பிறேக் போடுங்கள். சுமையில் பத்தில் ஒரு பங்கு கொழுவியின் மேல் இருக்கும்படி முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுங்கள். பின்பாரம் கூடினால் பெட்டி வால் ஆட்டும். கொழுவி சேசிஸில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், பம்பரில் அல்ல.

பழைய டீசலைப் பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்ரார்ட் பண்ணி ஒயில் மூடியைத் திறந்தால் புகை அடித்துக்கொண்டு வருகிறதா பாருங்கள். வந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. கரையோர வாகனம் என்றால் கீழே படுத்துச் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உப்பு தின்ற இரும்பின் சத்தம் வேறு. டீசல் வடியின் அடியிலுள்ள சிறு திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கடைசி யுத்தத்தில் கைவிடப்பட்ட வாகனங்கள் எத்தனையோ. பல இரும்புக்குப் போயின, சில வேறு உடலோடு திரும்பி வந்தன. "சண்டைக்குள்ள புத்தகம் போட்டுது" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், எங்களில் யாரிடம்தான் எல்லாக் கடதாசியும் தப்பியது? ஆனால் உண்மையான சொந்தக்காரர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து இணைப்பிரதி எடுக்கலாம். அதை அவர் எடுத்து வந்து காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.