டிரைவர் இல்லாத ரெயில்!

ரெயில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. பிரயாணிகள் ஏறுகிறார்கள். கதவு மூடிக்கொள்கிறது. ரெயில் புறப்படுகிறது.

ஓட்டுவது யார்?

முன்பக்கம் எட்டிப் பார்க்கிறீர்கள். அங்கே ஆளே இல்லை!

இது பேய்க் கதை அல்ல. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் நாள்தோறும் நடக்கிற காரியம். அந்த வகை ரெயில் இப்போது நம் பூந்தமல்லிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பூந்தமல்லிக்கும் ரெயிலுக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஆவடி, திருவள்ளூர் வழியாகப் போயிற்று. பூந்தமல்லியைத் தொடவில்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்தை வைத்திருந்த ஊர். சென்னையின் பெரிய சாலை ஒன்றுக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர். ஆனாலும் ரெயில் நிலையம் இல்லாத ஊராகவே இருந்து வந்தது.

ராமானுஜருக்குக் குருவாக விளங்கிய திருக்கச்சி நம்பி பிறந்தது இங்கேதான். தினமும் பூவைச் சுமந்துகொண்டு காஞ்சீபுரத்துக்கு நடந்தே போய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தினாராம். அவருக்கு நடை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு மாட்டு வண்டி, பிறகு பஸ். அதிலும் நின்றுகொண்டே பிரயாணம்!

அந்த ஊருக்கு ரெயில் வந்தது. வந்ததும் சாதாரண ரெயிலாக வரவில்லை.

ஆந்திராவில், ஸ்ரீசிட்டியில் உள்ள அல்ஸ்டாம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட முதல் வண்டி 2024-ம் ஆண்டு அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. மூன்று பெட்டிகள். ஏறக்குறைய ஆயிரம் பேர் ஏறலாம். 2025 மார்ச் 20-ந் தேதி பூந்தமல்லியில் இருந்து முல்லைத்தோட்டம் வரை சுமார் இரண்டரை கிலோ மீட்டர் சோதனை ஓட்டம் நடந்தது. அடுத்த மாதமே போரூர் வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

இது மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் ஒரு பாதை. பூந்தமல்லி பைபாசில் இருந்து மெரினா கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோ மீட்டர். குமணன்சாவடி, போரூர், வடபழனி, பனகல் பூங்கா, மயிலாப்பூர் என்று போகிறது. மேற்குப் பகுதி தூண்களின் மேலே. கிழக்குப் பகுதி பூமிக்கு அடியில். கடற்கரைப் பக்கம் சுரங்கம் தோண்ட இறக்கிய இரண்டு ராட்சத யந்திரங்களுக்கு ஃபிளமிங்கோ, ஈகிள் என்று பெயர். பறக்கும் பறவைகளின் பெயரைப் பூமிக்குள் துளை போடும் யந்திரத்துக்கு வைத்தவர் நகைச்சுவை தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும்!

ஓடுவது எப்படி?

டிரைவர் என்ன செய்கிறார்? முன்னால் பாதை காலியா என்று பார்க்கிறார். எவ்வளவு வேகம் போகலாம் என்று முடிவு செய்கிறார். நிலையம் வந்ததும் நிறுத்துகிறார். இந்த மூன்றையும் கம்ப்யூட்டர் செய்கிறது.

"நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன்" என்று வண்டி ரேடியோ அலை மூலம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்தில் உள்ள எல்லா வண்டிகளும் அப்படிச் சொல்லும். அதைக் கேட்கும் கம்ப்யூட்டர், "நீ இதுவரை போகலாம், அதற்கு மேல் போகாதே" என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுக்கும். முன்னால் போகும் வண்டி நகர நகர, பின்னால் வரும் வண்டியின் எல்லையும் நகரும். தகவல் அறுந்துபோனால்? வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும்.

ஆகவே, ஆள் இல்லாத ரெயில் என்பது சரியல்ல. கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் உட்கார்ந்து கேமரா மூலம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அவர்களோடு பேசலாம்.

இந்த வித்தை திடீரென்று வந்ததும் அல்ல. லண்டனில் 1968-ம் ஆண்டு திறந்த விக்டோரியா பாதையிலேயே டிரைவருக்கு வேலை குறைந்துவிட்டது. கதவை மூடிப் பொத்தானை அழுத்துவார். வண்டி தானே ஓடித் தானே நிற்கும். 1981-ல் ஜப்பானின் கோபே நகரில் டிரைவரே இல்லாமல் ஓட்டினார்கள். 2003-ல் சிங்கப்பூரில், நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியா வழியாகவே அப்படி ஒரு சுரங்க ரெயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதலாவது டெல்லி. 2020 டிசம்பர் 28-ல் தொடங்கினார்கள்.

குழந்தையை ஏற்றலாமா?

"எல்லாம் சரி. என் பிள்ளையை நம்பி ஏற்றலாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

விபத்தே நடந்ததில்லை என்று சொல்லமாட்டேன். 1993-ல் ஜப்பானின் ஒசாகா நகரில் டிரைவர் இல்லாத வண்டி ஒன்று கடைசி நிலையத்தில் நிற்காமல் தடுப்பில் போய் மோதியது. 200 பேருக்கு மேல் காயம். 2017 டிசம்பரில் டெல்லியில், பாதை திறக்கச் சில நாளே இருந்தபோது, வண்டி ஒன்று பணிமனைச் சுவரையே இடித்துக்கொண்டு வெளியே வந்தது. பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட மனிதத் தவறுதான் காரணம் என்று தெரிந்தது.

இன்னொரு சம்பவம் மனத்தை உருக்குகிறது. 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் ஒரு பெண்ணின் ஆடை ரெயில் கதவில் சிக்கியது. வண்டி புறப்பட்டுவிட்டது. பலத்த காயம் அடைந்த அவர் உயிர் பிழைக்கவில்லை. கவனியுங்கள்: அது டிரைவர் இருந்த ரெயில்! ஆனால் அந்த நடைமேடையில் தடுப்புக் கதவு இல்லை. கை அகப்பட்டால் ரெயில் கதவு உணர்ந்துகொள்ளும். மெல்லிய துணி அகப்பட்டால் உணராமல் போகலாம்.

டிரைவர் இல்லாத ரெயில்களில் வழக்கமாக நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு வைப்பது இதற்காகத்தான். வண்டி குறித்த இடத்தில் வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். தண்டவாளத்தில் யாரும் தவறி விழ முடியாது. என்னைக் கேட்டால், முகப்பில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை விட இந்தக் கண்ணாடிச் சுவர் பெரிய காவல். இருந்தாலும் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். கதவு மூடும் மணி அடித்த பிறகு ஓடிப்போய் நுழையாதீர்கள். அடுத்த வண்டி வந்துகொண்டுதான் இருக்கும்.

டெல்லிக்காரர்களும் ஒரே நாளில் நம்பிவிடவில்லை. முதலில் பெட்டியில் ஒரு பணியாளரை ஏற்றிவைத்தார்கள். பிறகு படிப்படியாகத்தான் விலக்கினார்கள்.

முன் சீட்டு யாருக்கு?

துபாயில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி டிரைவர் இல்லாத மெட்ரோ ரெயில் தொடங்கியது. டிரைவர் அறை இல்லாததால் முகப்புக் கண்ணாடி காலியாகக் கிடைத்தது. விட்டார்களா? கோல்டு கிளாஸ் என்று சொகுசு வகுப்பு அமைத்து, அகன்ற தோல் சீட்டு போட்டு, இரு மடங்கு கட்டணம் வைத்துவிட்டார்கள். பாலைவனத்து மாளிகைகளை ராஜா போல் பார்த்துக்கொண்டு போகலாம்! கனடாவில் வான்கூவர் நகரிலும் இத்தகைய ரெயில் உண்டு. அங்கே முன் சீட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.

இதில் பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு யோகம். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வண்டி புறப்படும் முனை அவர்கள் ஊர்தான். போரூரில் ஏறுகிறவருக்கு இடம் கிடைக்காமல் போகலாம். இவர்கள் ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம்.