நீச்சல் குளம் சுத்தம் செய்யும் ரோபோ சுவர் ஏறலையா? மெக்கானிக்கை கூப்பிடும் முன் இதை செக் பண்ணுங்க!

அப்பார்ட்மென்ட், ரிசார்ட் என நீச்சல் குளம் இருக்கும் பல இடங்களில் இப்போது ரோபோதான் தரையைத் தேய்த்து சுத்தம் செய்கிறது. தண்ணீரில் இறக்கி சுவிட்சை போட்டால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் திடீரென அது ஒரே இடத்தில் சுற்றினாலோ, சுவர் ஏறாமல் நின்றாலோ, "மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் காரணம் ஃபில்டரில் அடைத்திருக்கும் அழுக்குதான்.

எப்படி வேலை செய்யுது?

ரோபோவின் அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சும். அது ஃபில்டர் வழியாகப் போய் மேல் பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகம்தான் ரோபோவை தரையோடும் சுவரோடும் அழுத்திப் பிடிக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வேகம் குறையும், பிடிமானம் போய்விடும்.

என்ன கோளாறு? என்ன செய்யலாம்?

* சுவர் ஏறவில்லை: ஃபில்டரை குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்க. அப்படியும் ஏறாவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, சுவரில் பாசி வழுக்குகிறதா என்று பாருங்க.

* ஒரே இடத்தில் சுற்றுகிறது: சக்கரம், பிரஷ் பகுதியில் முடியோ நூலோ சிக்கியிருக்கலாம். கேபிள் முறுக்கிக்கொண்டாலும் இப்படி ஆகும். கேபிளை வெயிலில் நேராக நீட்டிப் போட்டால் முறுக்கு தளரும்.

* மூழ்காமல் மிதக்கிறது: உள்ளே காற்று அடைத்திருக்கும். தண்ணீருக்குள் பிடித்து இரண்டு பக்கமும் சாய்த்தால் குமிழியாக வெளியேறிவிடும்.

* ஸ்டார்ட்டே ஆகவில்லை: பிளக் பாயின்டில் கரண்ட் வருதா, கேபிள் கனெக்டர் சரியாக மாட்டியிருக்கா என்று முதலில் பாருங்க.

இதில் மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்க

ரோபோவுக்குப் போவது சுமார் 24 முதல் 30 வோல்ட் மின்சாரம்தான். ஆனால் கரையில் இருக்கும் பவர் பாக்ஸுக்கு வருவது 230 வோல்ட். அதனால் அந்தப் பாக்ஸை குளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். அது அடிக்கடி ட்ரிப் ஆனால் எங்கோ மின்கசிவு இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ரோபோ ஓடும்போது குழந்தைகள் உட்பட யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. பிளக்கை கழற்றிய பிறகே ரோபோவில் கை வைக்க வேண்டும். கேபிளில் வெட்டு இருந்தால் டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்து, மாற்றியே ஆகணும். மோட்டார் பெட்டியின் சீலை நீங்களே பிரிக்காதீங்க.

நீண்ட நாள் உழைக்க

* ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் ஃபில்டரை கழுவுங்க.
* கேபிளைப் பிடித்து வெளியே தூக்காதீங்க. கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்க.
* தண்ணீருக்கு வெளியே ஓட்டிப் பார்க்காதீங்க. மோட்டார் சூடாகி கெட்டுவிடும்.
* வேலை முடிந்ததும் குளத்தில் போட்டு வைக்காமல் நிழலில் வையுங்க.
* குளோரின் அதிகமாகப் போடும் நாளில் ரோபோவை வெளியே எடுத்துவிடுங்க.

ஒன்றை மறக்கக் கூடாது. ரோபோ அள்ளுவது அழுக்கை மட்டும்தான்; கிருமியைக் கொல்லாது. தரை பளபளவென்று இருந்தாலும், குளோரின் அளவையும் பிஹெச் 7.2 முதல் 7.8-க்குள் இருக்கிறதா என்பதையும் சோதித்த பிறகே பிள்ளைகளை குளத்தில் இறக்குங்க.