ஈர விறகு எரியாது, புகையும்!

பினாங்கில் குளிர்காலம் கிடையாது. பிறகு எதற்கு விறகைப் பற்றி ஒரு கலந்துரையாடல் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்துக்கு விறகு சேர்க்கிறார்கள். நமக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. தீபாவளி வருவதோ ஐப்பசியில், சரியாக அந்த மழைக்கு நடுவில். விருந்துக்குப் பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றும்போது விறகு ஈரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அடுப்பருகே நின்றவர்கள் அறிவார்கள். கண் எரியும், இருமல் வரும், சோறு மட்டும் வேகாது.

பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோருக்கு இது பாடமாகவே தெரியும். பால்மரம் 25 முதல் 30 ஆண்டுகளில் பலன் குறைந்துவிடும். மறுநடவுக்காக வெட்டிய மரங்கள்தான் லயத்து வீடுகளில் அடுப்பெரித்தன. ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கூடத்திலும் அதே கட்டைகள்தான். 1980களுக்குப் பிறகு பால்மரம் நாற்காலி, மேசையாகி ஏற்றுமதிக்குப் போனது. வீட்டுக்குள் கேஸ் அடுப்பு வந்தது. விறகோடு சேர்ந்து அதைப் பக்குவப்படுத்தும் வழக்கமும் மறைந்து வருகிறது. ஆனாலும் கோயில் அன்னதானம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், பொங்கல், கல்யாண வீடு என்று விறகடுப்பு நம்மை விட்டுப் போகவில்லை.

<b>ஈரம் என்ன செய்கிறது?</b>

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ பச்சை விறகு வாங்கினால் 5 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். அடுப்பில் வைத்ததும் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறது. சூடு குறைகிறது. மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாகப் போகின்றன. புகை என்பது எரியாமல் வீணாகும் எரிபொருளே.

அந்தப் புகை போகுமிடம் சமைப்பவரின் நுரையீரல். வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் மாசு 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

<b>எப்போது வெட்டுவது?</b>

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஆகவே தைப்பூசத்தை ஒட்டி வெட்டிப் பிளந்து காயவைத்தால் தீபாவளிக்கு விறகு தயார். மணிக்கட்டுப் பருமனுள்ள பிளவு நல்ல வெயில், காற்றில் இரண்டு, மூன்று மாதங்களில் காயும். பெரிய கட்டைக்கு ஆறு மாதமும் ஆகலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாலையோர மரம் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. காட்டு மரத்துக்கு 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் கத்தி வைக்கக் கூடாது.

<b>பிளப்பது எப்படி?</b>

முதலில் கட்டையை ஒரு முழ நீளத்துக்கு அறுத்துக் கொள்ளுங்கள். மரத்துக்குள் நீர் நார்வழியே ஓடுவதால் வெட்டு முனைகளில்தான் ஈரம் வேகமாக வெளியேறுகிறது. கட்டை குட்டையானால் ஈரம் போக வேண்டிய தூரமும் குறையும். பட்டை ஈரத்தை அடைத்து வைக்கும். அதனால்தான் உருண்டைக் கட்டையைப் பிளக்காமல் விட்டால் உள்ளே காயாது.

வெட்டும் கோடாரிக்கு மெல்லிய கூர் வேண்டும். பிளக்கும் கோடாரி ஆப்பு வடிவில் தடித்திருக்க வேண்டும். கட்டையை முழங்காலுக்குக் கீழான உயரமுள்ள அடிக்கட்டை மீது நிறுத்தி, ஏற்கெனவே விரிசல் ஓடும் திசையில் அடியுங்கள். கணுவைத் தவிர்த்து விடுங்கள். பருத்த கட்டையை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிளந்து வாருங்கள். கால்களை அகட்டி நில்லுங்கள். செருப்போடு வேண்டாம், பூட்ஸ் அணியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் தேவை. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

<b>அடுக்கும் முறை</b>

செங்கல் அல்லது பலகை வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரக் கூரை போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். கித்தான் போட்டு முழுவதும் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கித்தான் மடிப்பில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். விறகைக் காக்கப் போய் டிங்கிக் காய்ச்சலை வரவழைத்துக் கொள்வதா?

வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்க வேண்டாம். கறையான் வீட்டுக்குள் வர அது பாலமாகிவிடும். எலியும் பாம்பும் தங்கும் இடமும் அதுவே. கட்டையை எடுக்கும்போது கையுறை அணியுங்கள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டிய கையோடு பிளந்து காயவைத்துவிட வேண்டும்.

<b>காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?</b>

அரங்கில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். காய்ந்த விறகின் முனையில் விரிசல் விடும், பட்டை கழன்று வரும். இரண்டு பிளவுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும்; ஈர விறகு 'தொப்' என்னும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், ஒரு பிளவுக்கு அடையாளமிட்டு வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் விறகு ஏறத்தாழ 15 விழுக்காட்டில் வந்து நிற்கும். அது போதும்.

பேராக், கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே மாத்தாங் சதுப்புக்காட்டில் சுமார் 30 ஆண்டு வளர்ந்த பாக்காவ் மரம் கரியாகிறது. சூளையில் ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும் அந்த வேலையில், முதல் பல நாட்கள் மரத்தின் ஈரத்தை விரட்டவே செலவாகின்றன.

<b>எரிக்கக் கூடாதவை</b>

சாயம் பூசிய பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம், பழைய ரயில் தண்டவாளக் கட்டை ஆகியவை அடுப்புக்கு ஆகாது. தொழிற்சாலைகள் கழித்துப் போடும் பாலட்டில் 'எம்பி' என்ற முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைக்கப்பட்டது, தொடாதீர்கள். 'எச்டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. அரளிக் கட்டையும், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் ரெங்காஸ் மரமும் கூடவே கூடாது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வார்த்தை. கேமரன் மலைக்கோ கொடைக்கானலுக்கோ சுற்றுலா போகிறவர்கள் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். புகை வரவில்லையே என்று நினைத்து ஏமாறக் கூடாது. கரி நன்றாகக் கனன்றாலும் ஆபத்து ஆபத்துதான்.

அடுத்த தீபாவளிக்கு விறகு வாங்கப் போகிறவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். தைப்பூச வெயிலை வீணாக்காமல் இருந்தால், ஐப்பசி மழையில் அடுப்பருகே நிற்கும் அம்மாவின் கண் கலங்காது.