ஓதமும் ஓட்டமும்

ஆங்கிலத்தில் கடல்நீரின் அசைவைச் சொல்ல டைட், கரன்ட் என்று இரண்டு சொற்கள் உண்டு. டைட் ஏறி வற்றும் நீர். கரன்ட் ஓடும் நீர். டைட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் காலம் என்றே பொருள். அது பொருந்தவும் செய்கிறது. நிலவும் சூரியனும் இழுக்க, பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறுகிறது. அதற்கு முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம். கரன்ட், ஓடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் முன்னதை ஓதம் என்கிறோம். பின்னதை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும் இடம் ஒன்று இருக்கிறது. குளிப்பவர்களைக் கடலுக்குள் கொண்டுபோகும் ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரிப் டைட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1936-இல் அமெரிக்கக் கடல் நிலவியலாளர் பிரான்சிஸ் ஷெப்பர்ட் ‘சயின்ஸ்’ இதழில் எழுதி, ‘ரிப் கரன்ட்’ என்ற பெயரை முன்வைத்தார். பழைய பெயர் இன்னும் போகவில்லை.

இந்த ஓட்டத்தை ஓதம் என்று நம்புகிறவர், கடல் ஏறவில்லையே என்று துணிந்து இறங்குவார். ஆனால் இது ஓதமல்ல. அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர் திரும்ப வழி தேடுகிறது. மணல்திட்டில் ஒரு பள்ளம் கிடைத்தால், அதன் வழியே வாய்க்கால்போல் பாய்கிறது. நொடிக்கு 2.4 மீட்டர் வரைகூட அந்த வேகம் போகும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. ஓதத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பல கரைகளில் கடல் வற்றும்போதுதான் நீர் அந்தப் பள்ளத்துக்குள் நெருக்கிப் பாய்கிறது. ‘தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது’ என்று நாம் நினைக்கும் அதே நேரத்தில்!

அந்த இடம் பார்வைக்கும் சாதுவாக இருக்கும். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் நீர் சற்றுக் கருத்து அமைதியாகத் தெரியும். குழந்தையோடு போகிறவர்கள் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்துவிடக்கூடும்.

நம் செய்திகளிலும் ஒரு பிழை தொடர்கிறது. ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்று எழுதுகிறோம். உடையும் அலை ஆளைக் கரைப்பக்கம்தான் தள்ளும். கடலுக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் ஓட்டமே. ஓட்டம் என்று எழுதினால்தான், சிக்கியவர் கரையை நோக்கிப் போராடிக் களைத்துவிடக் கூடாது என்பது வாசகருக்குப் புரியும். ரிப் ஆளை அடியில் அமுக்காது; வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடலாம். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வாய்க்காலைக் கடந்து, நுரை தெரியும் இடத்துக்கு வந்தபின் கரை திரும்பலாம். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்க வேண்டாம். காலி தண்ணீர்க் கேன், டியூப் என்று மிதக்கும் எதையாவது வீசுங்கள்.