லிட்டருக்கு எத்தனை குதிரை? அமெரிக்க வி8 பற்றி நான் போட்ட ஒரு தப்புக் கணக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போயிருந்தேன். ஒருநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கார் பக்கம் திரும்பியது. செவர்லே கமாரோ எஸ்எஸ் காரில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின், 455 குதிரைத்திறன். "இவ்ளோ பெரிய இன்ஜினை வெச்சுக்கிட்டு இவ்ளோதானா? பிஎம்டபிள்யூ எம்3-ல டர்போகூட இல்லாம நாலே லிட்டர்ல 414 எடுத்துட்டான்" என்றேன். கணக்கு சுலபம். ஜெர்மன்காரனுக்கு லிட்டருக்கு 103 குதிரை, அமெரிக்கனுக்கு 73. அமெரிக்க மஸில் கார் என்றால் பழைய தொழில்நுட்பத்தை அளவில் பெரிதாக்கி ஒப்பேற்றுவது, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்ஜினியரிங். இதுதான் அன்றைய என் தீர்ப்பு.

எதிரே இருந்த நண்பர் வார இறுதிகளில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ரெண்டு இன்ஜினும் எத்தனை கிலோ?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றியதில்லை.

ராத்திரி ரூமுக்கு வந்து தேடினேன். பிஎம்டபிள்யூ வி8 202 கிலோ. செவர்லே வி8 ஏறக்குறைய 211 கிலோ. கொள்ளளவில் 2.2 லிட்டர் கூடுதல், எடையில் ஒன்பது கிலோதான் கூடுதல்! முறுக்குவிசையில் பிஎம்டபிள்யூ 400 நியூட்டன் மீட்டர், செவர்லே 617. (அந்த எம்3 2007-ல் வந்தது, கமாரோ 2016 மாடல். காலம் ஒத்துப்போகவில்லைதான். ஆனால் இரண்டுமே டர்போ இல்லாத வி8 என்பதால் ஒப்பிடத் தோதானவை.) புரோகிராமரின் திறமையை அவர் எழுதிய வரிகளின் எண்ணிக்கையை வைத்து அளக்கும் மேனேஜரை எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன். கார் விஷயத்தில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பெரிய இன்ஜின் எப்படி இவ்வளவு லேசாக இருக்க முடியும்? விடை கேம்ஷாஃப்டில் இருக்கிறது. வால்வு எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்று தீர்மானிக்கும் தண்டு அது. ஐரோப்பிய பாணியில் அதை சிலிண்டர்களின் தலைக்கு மேலே வைப்பார்கள். வி8 என்றால் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு, எல்லாவற்றையும் சுழற்ற சங்கிலிகள். செவர்லேயில் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். அது 'வி'யின் நடுவே, கீழே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் மேலே போய், சீசா மாதிரி ஒரு நெம்புகோலைத் தள்ளி வால்வைத் திறக்கும். அந்தக் கம்பிக்குத்தான் புஷ்ராட் என்று பெயர். வால்வு மொத்தம் 16.

மேலே கேம்ஷாஃப்ட் இல்லாததால் சிலிண்டர் தலை சின்னதாகிவிடுகிறது. இன்ஜினின் உயரமும் அகலமும் குறைகிறது, எடை கீழே இறங்குகிறது. ஃபோர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8 நான்கு கேம்ஷாஃப்ட் வகை. கொள்ளளவில் சின்னதான அது, செவர்லேயின் 6.2 லிட்டரைவிட அகலமானது. மஸ்டா மியாட்டா போன்ற குட்டிக் காரிலும், பழைய போர்ஷே 944-லும்கூட ஆட்கள் தேடிப்பிடித்து செவர்லே வி8-ஐப் பொருத்துவதற்கு இந்தக் கச்சிதம் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு ஆச்சரியம். 1955-ல் எட் கோல் தலைமையில் வந்த முதல் 'ஸ்மால் பிளாக்' வி8-ல் ஒரு சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்த சிலிண்டர் மையத்துக்கு 4.4 அங்குலம். 2016 கமாரோவிலும் அதே 4.4 அங்குலம். உள்ளே மற்றதெல்லாம் மாறிவிட்டது. நேரடி எரிபொருள் பீச்சல், மாறும் வால்வு நேரம் எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு அளவு மட்டும் மாறவே இல்லை. அறுபது வருஷமாக உடையாத இன்டர்ஃபேஸ். நாங்கள் ஆறு மாசம் தாக்குப்பிடித்தாலே கேக் வெட்டுவோம்.

புஷ்ராடுக்கு விலையும் உண்டு. கம்பி, நெம்புகோல் என்று அசையும் எடை அதிகம். சுழற்சி கூடும்போது ஸ்பிரிங்கால் வால்வைச் சரியான நேரத்தில் இழுத்து மூட முடியாது. அதனால்தான் செவர்லே நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, பிஎம்டபிள்யூ 8,300 வரை பாடுகிறது. சத்தமும் சுகமும் பிஎம்டபிள்யூவில்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் இன்ஜின் என்பது அடிப்படையில் ஒரு காற்று பம்ப். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலை எரிக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருதடவை தன் முழுக் கொள்ளளவையும் உள்ளிழுக்கும். செவர்லே: 6.2 × 6,000 ÷ 2, அதாவது நிமிஷத்துக்கு 18,600 லிட்டர். பிஎம்டபிள்யூ: 4 × 8,300 ÷ 2, அதாவது 16,600 லிட்டர். இப்போது குதிரைத்திறனை இந்தக் காற்றால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் காற்றுக்குச் செவர்லே 24.5 குதிரை, பிஎம்டபிள்யூ 24.9. தோராயக் கணக்குதான், இருந்தாலும் வித்தியாசம் இரண்டே சதவீதம். ஒருவன் அண்டாவில் மெதுவாக மொள்ளுகிறான், இன்னொருவன் குடத்தில் வேகமாக மொள்ளுகிறான். இதில் 'பழைய தொழில்நுட்பம்' என்று நான் நக்கலடித்தது எதை?

அப்படியென்றால் லிட்டரை வைத்துக் கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வரி ஆபீசிலிருந்து. பிரிட்டனில் 1921 முதல் 1947 வரை காருக்கு 'குதிரைத்திறன் வரி'. பெயர்தான் குதிரைத்திறன், உண்மையில் அளந்தது சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது சூத்திரத்திலேயே இல்லை. விளைவு, விட்டம் குறைந்து நீளம் கூடிய ஒல்லி சிலிண்டர் இன்ஜின்கள். இத்தாலியில் 2 லிட்டருக்கு மேற்பட்ட காருக்கு மதிப்புக் கூட்டு வரி 38 சதவீதம், அதற்குள் என்றால் ஏறக்குறைய பாதி. அதற்காகவே ஃபெராரி 1980-ல் தன் 308 காரின் வி8-ஐ 1,991 சிசிக்குச் சுருக்கி 208 என்று விற்றது. கிடைத்தது 155 குதிரை. ஃபெராரிக்கு இது மானப் பிரச்சினை. 1982-ல் அதற்கு டர்போ பொருத்தினார்கள். ஃபெராரியின் முதல் டர்போ சாலைக் கார் அப்படித்தான் பிறந்தது. நம்மூரில் 4 மீட்டர் நீளம், 1,200 சிசி என்ற வரம்புக்காக டிக்கியை வெட்டிய செடான்களும், வரிசையாக 1,197 சிசி இன்ஜின்களும் வந்தது ஞாபகம் இருக்கும். அதே கதை.

அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, கொள்ளளவுக்கு வரி இல்லை. அங்கே தடை வேறு மாதிரி. ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்று தனக்குத்தானே விதி வைத்திருந்தது. 1964-ல் பான்டியாக் பிரிவினர் 389 கன அங்குல வி8-ஐ, அதாவது 6.4 லிட்டரை, நடுத்தர டெம்பெஸ்ட் காரில் ஏற்றினார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே விதி? 'கூடுதல் வசதி' என்று விலைப்பட்டியலில் சேர்த்தார்கள். அதுதான் ஜிடிஓ. மஸில் கார் என்ற வகையே அதிலிருந்து தொடங்குவதாகப் பலர் சொல்வார்கள்.

சரி, ஐரோப்பியனுக்கு மார்க்கே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. அது இன்ஜினுக்குக் கீழே, சக்கரத்தில். மஸ்டாங் 2014 வரைக்கும், சில சிறப்பு மாடல்கள் தவிர, பின்பக்கம் 'லைவ் ஆக்சில்'தான் வைத்திருந்தது. இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் கோத்திருக்கும், நம்ம லாரி மாதிரி. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். வளைவில் குண்டும் குழியும் வந்தால் பின்பக்கம் துள்ளும். இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ட்ராக் ரேஸ் என்பது 402 மீட்டர் நேர்கோடு. நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது லைவ் ஆக்சில் இரண்டு டயரையும் தரையில் தட்டையாக வைத்திருக்கும், சுலபத்தில் உடையாது, விலையும் குறைவு. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவர்களுக்கு அதுவே போதும். ஐரோப்பியன் காரைப் பழக்கிய இடம் 1927-ல் திறந்த நர்பர்க்ரிங். மலைக்காட்டுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், இறக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவுகள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக வேலை செய்யாத கார் அங்கே தடுமாறும்.

2015-ல் மஸ்டாங் தனிச்சக்கர சஸ்பென்ஷனுக்கு மாறியது. 2016 கமாரோ, பிஎம்டபிள்யூ 3 சீரிஸை இலக்காக வைத்து உருவான காடிலாக் ஏடிஎஸ்ஸின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. 2017-ல் கமாரோ இசட்எல்1 1எல்இ நர்பர்க்ரிங்கை 7 நிமிஷம் 16.04 விநாடியில் சுற்றியது. அதே வருஷம் போர்ஷே 911 ஜிடி3 எடுத்தது 7 நிமிஷம் 12.7. போர்ஷேயின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடன் ஒருபக்கமாக மட்டும் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காந்தப்புலம் பட்டதும் கெட்டியாகும் எண்ணெயை வைத்து, கண் இமைப்பதற்குள் விறைப்பை மாற்றும் ஷாக் அப்சார்பர் இருக்கிறது. அது அமெரிக்காவின் டெல்ஃபி உருவாக்கியது, 2002-ல் ஒரு காடிலாக்கில் வந்தது. 2006-ல் அதை வாங்கிப் பொருத்தியது ஃபெராரி, 599 காரில். எதிர்த்திசையில், அமெரிக்க முரட்டுத்தனத்துக்கு அடையாளமான 707 குதிரை டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் வடிவமைப்பு. பின் சஸ்பென்ஷன், டைம்லர் கிரைஸ்லர் கூட்டணிக் காலத்தில் மெர்சிடிஸ் இ-கிளாஸிலிருந்து வந்த வடிவம்.

ஆனாலும் ஹெல்கேட் வளைவுக்கான கார் இல்லை. காரணம் எடை, கிட்டத்தட்ட 2,000 கிலோ. 250 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்கு பிரேக் போட்டால் 1,500 கிலோ கார் சுமார் 3 மெகாஜூல் சக்தியை வெப்பமாக்க வேண்டும், 2,000 கிலோ கார் 4 மெகாஜூல். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்துக்கும் பதிமூன்று லிட்டருக்கான வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் சில விநாடியில், ஒவ்வொரு பெரிய வளைவுக்கு முன்னாலும். ஒருதடவை சமாளிக்கலாம். பத்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சாகிவிடும். எத்தனை குதிரையைச் சேர்த்தாலும் இதற்கு மருந்து இல்லை. அடுத்த வளைவுக்கு இன்னும் வேகமாக வந்து சேர்வோம், அவ்வளவுதான்.

சேலஞ்சரும் கமாரோவும் நின்றுவிட்டன. மஸ்டாங் மட்டும் மிச்சம். அதன் ஜிடிடி ரகம் 2025-ல் நர்பர்க்ரிங்கை 6 நிமிஷம் 52 விநாடியில் சுற்றியது. கார்பன் ஃபைபர் உடல், 3 லட்சம் டாலருக்கு மேல் விலை. அதை மஸில் கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் மெக்கானிக் பையனால் வாங்க முடிகிற கார்தானே அந்தப் பெயருக்கு உரியது?

என் பழைய எக்செல் அட்டவணையை அழிக்கவில்லை, எடைக்கு ஒரு பத்தி சேர்த்தேன். லிட்டருக்குக் குதிரை என்ற வரிசையில் இன்று முதலிடத்தில் இருப்பது மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-ன் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ. லிட்டருக்கு 230-க்கும் மேல்! முன்பு அந்த இடத்தில் பெரிய வி8 இருந்தது. மாசு விதிகளுக்காக அதை எடுத்துவிட்டு, சின்ன இன்ஜினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்த்தார்கள். எடைப் பத்தியில் அந்தக் கார் 2,100 கிலோவைத் தாண்டி, ஹெல்கேட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

அட்டவணையை அந்த நண்பருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் பதில் வந்தது: "நல்லா இருக்கு. டயர் அகலம் எங்கே?"