சொன்ன சம்பளம் வேறு. கைக்கு வரும் சம்பளம் வேறு!

பொழுது இன்னும் விடியவில்லை. போடி வட்டாரத்துக் கிராமங்களில் ஜீப்புகள் உறுமுகின்றன. தூக்குச் சட்டியும் கையுமாக ஆண்களும் பெண்களும் ஏறிக்கொள்கிறார்கள். போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் பயணம்.

நாட்கூலிக்குக் கணக்கு எளிது. இத்தனை நாள் வேலை. இத்தனை ரூபாய் கூலி. ஆனால் சிலமலையில் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, படித்து மாதச் சம்பளத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"சம்பளம் எவ்வளவு?" என்று ஊர் கேட்கும். "முப்பதாயிரம்" என்பார் தகப்பனார். அதை நம்பிச் சீட்டுப் போடுவார்கள், கடன் வாங்குவார்கள், பெண்ணும் பேசுவார்கள். மாதம் முடிந்து வங்கியில் விழுவதோ 26 ஆயிரத்துச் சொச்சம்!

மீதி எங்கே போயிற்று?

கம்பெனி சொன்னது ஆண்டுக்கு ரூ.3,60,000. அது பல இடங்களில், ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. மாதம் 30 ஆயிரம். அடிப்படைச் சம்பளம் 15 ஆயிரம் என்றால், வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனியின் பங்கு 12 சதவீதம்: ரூ.1,800. இது அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். கழித்தால் ரூ.28,200.

ஊழியரின் பங்கும் அதே ரூ.1,800. மீதி ரூ.26,400. தொழில் வரி ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேல் போகக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் வரம்பு. முழுவதும் பிடித்தாலும் மாதத்துக்கு ரூ.208தான். கைக்கு வருவது ரூ.26,192. பணிக்கொடையையும் கம்பெனி கணக்கில் சேர்த்திருந்தால் இன்னும் குறையும்.

போடியிலேயே, கடையில் 12 ஆயிரம் வாங்குகிறவருக்கு? இ.எஸ்.ஐ. உள்ள கடையானால் 0.75 சதவீதம், அதாவது ரூ.90. மருத்துவத்துக்கு அது துணை.

வருமான வரி உண்டா?

1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் புகுத்திய வரி இது. பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். ஆனால் 2025-26 நிதியாண்டில், புதிய முறைப்படி, ஆண்டுச் சம்பளம் ரூ.12,75,000 வரை வரி இல்லை. ரூ.15,75,000 வாங்குகிறவருக்கு, நிலையான கழிவு ரூ.75,000 போக, வரியும் 4 சதவீத மேல்வரியும் சேர்ந்து ரூ.1,09,200. மாதம் ரூ.9,100 பிடித்தம்.

போனதும், சேர்ந்ததும்

பிடித்தம் எல்லாம் ஒன்றல்ல. வரி போனது போனதுதான். வைப்பு நிதியோ சேமிப்பு. மாதம் ரூ.1,800 கொடுத்தால் கம்பெனியும் ரூ.1,800 போடுகிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். பத்தாண்டு பணி நிறைந்தால், 58 வயதில் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு.

ஆகவே, "பிடித்தமே இல்லை, முழுச் சம்பளமும் கையில்" என்று ஒருவர் அழைத்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ஏலத் தோட்டத்துக்கு அன்றாடம் போய் வருகிறவர்களில் பலருக்குக் கூலி முழுதாகக் கைக்கு வருகிறது. உடல் தளர்ந்து, ஜீப்பில் ஏற முடியாமல் போகும் நாளில் கைக்கு என்ன வரும்?

வேலையில் சேரும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. "கைக்கு எவ்வளவு வரும்?" "என் பெயரில் எவ்வளவு சேரும்?" இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு, தகப்பனார் சீட்டுப் போடட்டும்!